தானே போட்டுக்கொண்ட விலாசம்

போனில் வைஃபை ஓடுது, கம்பியூட்டரில் மட்டும் அந்த மஞ்சள் முக்கோணம்.

பத்து மணிக்கு மகளுக்கு ஒன்லைன் வகுப்பு. "அப்பா, ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்கோ" என்று நாலாவது தரமும் சொல்லிவிட்டாள்.

கறுப்புத் திரையைத் திறந்து, கம்பியூட்டரின் நெட்வேர்க் விலாசத்தைக் காட்டும் ஐபிகொன்ஃபிக் கட்டளையை அடித்தேன். 192.168 என்று தொடங்க வேண்டிய இடத்தில் 169.254. அப்பவே விளங்கிவிட்டது. றவுட்டரிடம் விலாசம் கேட்டுக் கேட்டுப் பதில் வராவிட்டால் கம்பியூட்டர் தனக்குத் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும், அதுதான் இது. அதை வைத்து வெளியே எங்கும் போக முடியாது.

கம்பியூட்டரிலிருந்து, நெட்வேர்க் வயர்களை இணைக்கும் சுவிச் பெட்டி வரை விளக்கு எரியுது. அங்கிருந்து றவுட்டருக்குப் போகிற வயருக்குத்தான் விளக்கில்லை. ஓட்டுக்குக் கீழே ஏறிப் பார்த்தால், வயர் நுனிக் கிளிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, நீல உறை கிழிந்து செம்மஞ்சள் கம்பி பல்லுப் பட்டுத் துண்டாகத் தொங்குது. அணில்!

வெட்டி, எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து அடுக்கிப் புதுக் கிளிப் அடிக்கும்போது, 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது கூடார இலக்கத்தையே விலாசமாக எழுதிய கடிதங்கள் ஏனோ ஞாபகம் வந்தன. கிளிநொச்சி வீட்டு விலாசத்தைத் திரும்ப எழுதியபோது அம்மா பேனையை வைத்துவிட்டு அந்தக் கடித உறையையே பார்த்துக்கொண்டிருந்தா.

சரி, விளக்கு எரிந்தது. 192.168 வந்தது.

மணி பதினொன்றே கால். வகுப்பு முடிஞ்சுதாம்.