மாமியார் சொன்ன பட்டம்

ஜோகன்னஸ்பர்க் வந்த நாலாவது வருஷம் என் மனைவிக்கு டாக்வுட் ஆசை வந்தது. ஏதோ காலண்டரில் பார்த்த படம்: தரையெல்லாம் பனி, நடுவில் இலையே இல்லாத புதர், குச்சியெல்லாம் ரத்தச் சிவப்பு. "நம்ம வாசல்ல இது வேணும்." பெயரைத் தமிழ்ப்படுத்தினால் நாய்க்கட்டை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வீட்டில் இருந்த பழைய இங்கிலாந்துத் தோட்டப் புத்தகம், அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் நடச் சொன்னது. நல்ல பிள்ளையாக அக்டோபரில் நர்சரிக்குப் போனேன். தெருவெல்லாம் ஜகரந்தா ஊதாவாய்க் கொட்டிக் கிடந்தது. டாக்வுட் என்றதும் எடுத்துக் கொடுத்தார்கள். நட்டேன். குளிர் வந்தால் இலை கொட்டும், குச்சி சிவக்கும் என்று காத்திருந்தோம். ஜூன் போய் ஜூலையும் வந்தது. உறைபனியில் புல்தரை வைக்கோலாகிவிட்டது. இது மட்டும் எண்ணெய் தடவினாற்போல் பச்சையாக மினுமினுத்தது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி (கொள்ளுத்தாத்தா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்) பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இந்த ஊரில் டாக்வுட் என்றால் இதுதானாம். ஆப்பிரிக்கான்ஸில் பிளிங்க்பிளார். என்றைக்கும் பச்சை, நம் இலந்தைக்குச் சொந்தக்காரன். படத்தில் இருந்தது கார்னஸ். பெயர்ப் பொருத்தம் தவிர வேறு எந்தப் பொருத்தமும் இல்லை. இதை வீட்டில் வைத்தால் இடி விழாது என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. கோடையில் இந்த ஊரில் வெட்டும் மின்னலுக்கு அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அலைந்து திரிந்து அசல் கார்னஸ் ஒன்றைப் பிடித்தோம். இப்போது, எப்போது நடுவது?

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க மாப்பிள்ளை?" என்றார் மாமியார், திருநெல்வேலியிலிருந்து வீடியோ காலில்.

"அத்தை, ஆடி இங்கே நடுக்குளிர். கார் கண்ணாடியில பனியைச் சுரண்டிட்டுத்தான் ஆபீஸ் போறேன்."

ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். புத்தகம் சொன்ன அக்டோபர் முதல் மார்ச் வரை என்பது அங்கே செடி தூங்கும் காலம். மொட்டு விடுவதற்குள் நட்டால் வேர் நிம்மதியாகப் பிடிக்கும். பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் ஆறு மாதம் தள்ளினால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது ஆடி.

வழி முழுக்கத் தப்பு, விடை மட்டும் சரி. கணக்கு வாத்தியாராக இருந்தால் முட்டை போட்டிருப்பார். நான் மாப்பிள்ளை, பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆடி 18 அன்று, பனி கரையட்டும் என்று பத்து மணி வரை பொறுத்திருந்து நட்டேன். அங்கே தாமிரபரணியில் பெருக்கு. இங்கே மழை அக்டோபர் வாக்கில்தான் தலைகாட்டும் என்பதால் வாளிப் பெருக்கு. பெருமையாக வீடியோவில் காட்டினேன். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை மூக்கருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, பட்டுப்போன குச்சியைக் கொண்டாந்து நட்டு வச்சிருக்கீங்க?"