குண்டு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்?

பிப்ரவரி 3

என் ரைஃபிளுக்குத் தோட்டாவை நானே செய்கிறேன்: கேஸ் என்னும் உலோகக் கூட்டில் மருந்தை நிரப்பி, அதன் கழுத்தில் குண்டை அழுத்தி இறக்குவேன். அதற்காக 168 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டு ஒரு பெட்டி புதிதாக வந்திருக்கிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவின் மொத்த நீளம் 71.37 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தர அளவு. யாருடைய ரைஃபிளிலும் தடையில்லாமல் நுழைய வேண்டும் என்று வகுத்த எல்லை அது. என் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகள் எங்கே தொடங்குகின்றன என்பதை நான்தான் அளக்க வேண்டும்.

பிப்ரவரி 4

சுத்தம் செய்யும் கம்பியை வைத்தே அளந்தேன். தோட்டா உட்காரும் அறையைக் காலியாக வைத்து, அதன் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடி, குழல் வாய் வழியாகத் தட்டை முனைக் கம்பியை விட்டேன். போல்ட் முகத்தில் முட்டியதும் வாயோரத்தில் பிளேடால் ஒரு கீறல். அப்புறம் போல்ட்டைக் கழற்றி, ஒரு குண்டை மட்டும் அறைக்குள் போட்டு, பின்னாலிருந்து பென்சிலால் மெல்லப் பிடித்துக்கொண்டேன். கம்பி குண்டின் முனையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கீறல். இரண்டுக்கும் நடுவே 72.9 மி.மீ. தோட்டா இந்த நீளம் இருந்தால் குண்டு வரியைத் தொடும். பென்சிலைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் அளவு கூடிவிடுகிறது. அதனால் ஐந்து தடவை எடுத்தேன்.

தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் 72.2தான் இடம்.

பிப்ரவரி 7

மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத பத்து மாதிரித் தோட்டாக்கள் செய்தேன். குண்டைக் கேஸுக்குள் அழுத்தும் டையின் திருகைத் தொடவே இல்லை. ஆனாலும் மொத்த நீளம் ஒன்றுக்கொன்று 0.3 வரை வேறுபட்டது. கோளாறு டையில் இல்லை. இந்தக் குண்டுகளின் முனை திறந்தது, விளிம்பு சொரசொரப்பு, ஒன்று போல் ஒன்று இருக்காது. டை குண்டை முனையில் அழுத்துவதில்லை, கொஞ்சம் கீழே வளைவில்தான் அழுத்துகிறது. வரியில் முதலில் தொடுவதும் அந்த வளைவின் ஓர் இடம்தான். காலிப்பரில் கம்பேரேட்டரை (குண்டின் வளைவில் உட்காரும் துளையுள்ள துண்டு) மாட்டி அடியிலிருந்து வளைவு வரை அளந்தால் பத்துக்கும் வித்தியாசம் 0.05க்குள். இனிமேல் நோட்டில் இந்த அளவைத்தான் எழுதுவேன். மொத்த நீளம் மேகசினுக்கு மட்டும்.

பிப்ரவரி 11

இன்று பயந்துவிட்டேன். வரியைத் தொடும்படி நீளமாக வைத்த ஒரு தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுக்கப் போல்ட்டைத் திறந்தேன். கேஸ் மட்டும் வந்தது. குண்டு வரியில் கவ்விக்கொண்டது, மருந்து முழுக்க டிரிகர் வரை கொட்டிவிட்டது. மருந்தைத் துடைத்தெடுத்துவிட்டு, குழல் வாயிலிருந்து கம்பியால் தட்டிக் குண்டை வெளியேற்றினேன். கழுத்தின் பிடியை விட வரியின் பிடி பலமாக இருந்தால் இப்படித்தான் ஆகும். வேட்டைக்குப் போகிறவர் தோட்டாவை இந்த நீளத்தில் வைக்கவே கூடாது.

பிப்ரவரி 12

நேற்றைய நீளத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வரியைத் தொட்டு நிற்கும் குண்டு ஓடத் தொடங்குவதற்குள் அழுத்தம் ஏறிவிடும். சரி, ஆழமாக இறக்கிவிடலாமா என்றால், கேஸுக்குள் இடம் குறைந்து அப்போதும் அழுத்தம் ஏறும். ஆகவே ஆழத்தை மாற்றும்போதெல்லாம் மருந்தைக் கையேட்டின் தொடக்க அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் மறுபடி படிப்படியாக ஏறுகிறேன். இதில் சலுகையே கிடையாது.

பிப்ரவரி 19

100 மீட்டர், ஒவ்வொரு ஆழத்துக்கும் ஐந்து குண்டு வீதம் இரண்டு குழு. இலக்கில் ஒவ்வொரு குழுவின் துளைகளும் எவ்வளவு பரவின என்பதுதான் கீழே உள்ள அளவு. வரிக்கு 0.5 மி.மீ. முன்னால் நிற்கும்படி வைத்தது: 24, 27 மி.மீ. (மேகசினில் நுழையாததால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டது.) 1.0: 16, 18. 1.5: 29, 26. வரிக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று நம்பியிருந்தேன். என் குழல் அதை ஏற்கவில்லை. 1.0 வைத்தால் மொத்த நீளம் 71.9, மேகசினிலும் உட்காருகிறது. தர அளவைத் தாண்டியது என்பதால் பெட்டி மேல் 'இந்த ரைஃபிளுக்கு மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.

நவம்பர் 2

இதே குண்டு, இதே கம்பி, ஐந்து தடவை: 73.1. சூடான வாயு வரியின் தொடக்கத்தை 0.2 அரித்திருக்கிறது. அதே 1.0 இடைவெளி வேண்டுமென்றால் தோட்டா 72.1க்கு வர வேண்டும், மேகசினில் மிஞ்சுவது 0.1. முனை நீளமான குண்டு ஒன்றிரண்டு உரசும். டையை 0.1 மட்டும் தளர்த்தி ஐந்து தோட்டா செய்து வைத்திருக்கிறேன், மருந்து மறுபடி தொடக்க அளவில்.