படத்துக்கு விலை மதிப்பு போட்ட கதை

அப்பா வைத்துவிட்டுப் போன ஓவியங்களைப் பாகம் பிரிக்க வேண்டியிருந்ததால் மதிப்பீட்டாளரைத் தேடினோம். முதலில் பேசியவர் மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்றார், பிடித்தால் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். மதிப்பு ஏறினால் அவருக்குக் கட்டணம் ஏறும், இறங்கினால் படம் மலிவாகக் கிடைக்கும். அவருக்கு எப்படியும் லாபம்தான், அதனால் வேண்டாம் என்றுவிட்டோம். வேலைக்கு இவ்வளவு என்று பேசுபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து வந்தவர் படத்தைப் பார்க்கும் முன்பே, எதற்காக மதிப்பீடு என்று கேட்டார். காப்பீட்டுக்கு என்றால் அதேபோல் ஒன்றை மறுபடி வாங்க ஆகும் செலவு, பாகப்பிரிவினைக்கு என்றால் அவசரமில்லாத இருவர் பேசி முடிக்கும் சந்தை விலை. முன்னது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்குமாம்.

அப்புறம் கேன்வாஸைத் திருப்பிப் போட்டுவிட்டு முன்பக்கத்தைவிட அதிக நேரம் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுக்காக இருக்கிறதே என்று அண்ணன் கிழிக்கப் பார்த்த காகிதம் பழைய கேலரி ஒன்றின் லேபிளாம், யார் கைமாறி வந்தது என்பதற்கு அது ஆதாரம். அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைக் காட்டியதும் பழைய வார்னிஷ் பச்சையாக மினுங்க, வானத்தின் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகத் தெரிந்தது. பின்னாளில் யாரோ வண்ணம் பூசிச் சரிசெய்த இடம், அதற்கு விலை குறையும். இன்னொரு படத்தில் லென்ஸை வைத்தார், கையெழுத்து உட்பட எல்லாமே புள்ளி புள்ளியாக இருந்தது. ஆஃப்செட் அச்சு, அதாவது இயந்திரத்தில் அடித்த நகல், அவ்வளவுதான்.

தொகைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதே ஓவியர், ஏறக்குறைய அதே அளவு, அதே காலகட்டம் என்று ஏலத்தில் விற்றவற்றை எடுத்து ஒப்பிட்டார், விற்காமல் திரும்பியவற்றையும் விடவில்லை. கேலரியில் ஒட்டியிருக்கும் விலை கேட்கும் விலைதான், கிடைத்த விலை அல்ல என்றார். ஏல முடிவாக வெளியாகும் தொகையில் வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுத்த கமிஷனும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்கு அது அப்படியே வராது.

அறிக்கையில் அளவு, புகைப்படங்கள், சேதம், ஒப்பிட்ட விற்பனைகள் எல்லாம் இருந்தன. ஆனால் இது அந்த ஓவியர் வரைந்ததே என்று வைத்துக்கொண்டு போட்ட மதிப்பு என்றும் ஒரு வரி இருந்ததைப் பார்த்து அக்காவுக்குக் கோபம். அசல் என்று சான்று சொல்வது தனி வேலை, அதற்கு வேறு நிபுணர். மதிப்பு எந்தத் தேதிக்கானது என்பதும் அதில் இருக்கும். எங்களுக்கு அப்பா இறந்த தேதி. நாளை காப்பீடு எடுக்க இந்தத் தாள் உதவாது, வேறு வாங்க வேண்டும்.