கடல் மட்டத்திலிருந்து மலைப் பண்ணைக்கு எழுதிய நிரல்

பினாங்கு பாயான் லெப்பாஸில் நான் பணிபுரியும் சிறு நிறுவனம், பசுமைக்குடில்களுக்கான தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வடிவமைக்கிறது. வெப்பம், ஈரப்பதம், கரியமில வாயு, விளக்கு, நீர் ஆகிய ஐந்தையும் அளந்து, மனிதக் கை படாமல் சீராக வைத்திருப்பதே அந்தப் பெட்டிகளின் வேலை. சில ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகருக்கு அருகே உரிமம் பெற்றுக் கஞ்சா வளர்க்கும் ஒரு பண்ணை எங்களிடம் வந்தது. அம்மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அதற்கு ஒப்புதல் கிடைத்து, 2014 ஜனவரி முதல் கடைகளில் விற்பனை நடைபெறுகிறது. நம் மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, 200 கிராம் கஞ்சா வைத்திருப்பவர் அதைக் கடத்துபவராகவே கருதப்படுவார், வளர்ப்பதும் கடுங்குற்றம். ஆகவே, எந்தச் செடிக்காக நிரல் எழுதினோமோ, அதன் ஓர் இலையைக்கூட எங்கள் அலுவலகத்தில் எவரும் பார்த்ததில்லை. செடியைப் பற்றிய எங்கள் அறிவு முழுவதும் அங்கிருந்து வந்த அளவுகளிலும், அந்தப் பண்ணைக்காரர்கள் பொறுமையோடு சொன்ன விளக்கங்களிலும் அடங்கியிருந்தது.

இந்தப் பணியில் நான் கற்றவற்றுள் மிகப் பெரியது காற்றழுத்தம் பற்றியதுதான். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பினாங்கில் ஏறத்தாழ 1,010 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் அழுத்தம் அங்கே 830ஐ ஒட்டியே நிற்கும். அதாவது, ஒரே வெப்பநிலையில், ஒரு கனமீட்டர் காற்றில் உள்ள மூலக்கூறுகள் அங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கடலோரத்தில் பிறந்து, கடலோரத்திலேயே படித்து, வேலையும் செய்யும் நமக்கு அழுத்தம் என்பது மாறாத ஒன்றாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. நாம் வாங்கும் கருவிகளின் விவர ஏடுகளிலும், பாடநூல்களிலிருந்து எடுத்தாளும் சூத்திரங்களிலும் கடல் மட்டத்து அழுத்தம் சொல்லாமலே உட்கார்ந்திருக்கிறது.

கரியமில வாயுவை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். அது அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, வழியில் எத்தனை மூலக்கூறுகள் அதை விழுங்குகின்றன என்று பார்க்கிறது. காற்று மெலிந்த இடத்தில் மூலக்கூறுகளே குறைவு என்பதால், உண்மையில் பத்து லட்சத்தில் 1,000 பங்கு வாயு இருந்தாலும், அழுத்தத் திருத்தம் இல்லாத சென்சார் சுமார் 820 என்றே காட்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த எண்ணை நம்பி, 1,000 வரும்வரை வாயுவைத் திறந்துகொண்டே இருக்கும். இதைப் பிழை என்று சொல்லித் திருத்திவிடலாம். ஆனால் இலைத்துளைக்குள் நுழையும் வாயுவின் அளவைத் தீர்மானிப்பது விகிதத்தைவிடப் பகுதி அழுத்தமே, அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கே என்பதால், திருத்தப்படாத அந்த எண்தான் செடி உணரும் நிலைக்கு நெருக்கமானது. அதே கூடத்தில் வேலை செய்யும் மனிதர்களின் பாதுகாப்பு வரம்போ விகிதத்தில் விதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 5,000 பங்கு. ஆகவே ஒரே வாயுவுக்கு இரண்டு எண்களைத் தனித்தனியே கணக்கிட்டு, ஒன்றைச் செடிக்கும் மற்றொன்றை எச்சரிக்கை மணிக்கும் கொடுத்தோம். எங்கள் பெட்டியில் நான் மிகவும் பெருமைப்படும் பகுதி இதுதான்.

மெலிந்த காற்றில் வாயுக்கள் விரைந்து பரவும். அதனால் கரியமில வாயுவில் ஏற்படும் இழப்பின் ஒரு பகுதியைச் செடி ஈடுகட்டிக்கொள்கிறது; அதே காரணத்தால் இலையிலிருந்து நீரும் விரைந்து வெளியேறுகிறது. தாழ்நிலத்தில் எழுதப்பட்ட ஈரப்பத அட்டவணையை அப்படியே பின்பற்றினால், செடி எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தண்ணீர் கேட்கும். மின்விசிறியின் கதையும் இதுவே. அது நிமிடத்துக்கு அதே கன அளவுக் காற்றைத் தள்ளினாலும், அந்தக் காற்றின் எடை குறைவாக இருப்பதால் சுமந்து செல்லும் வெப்பமும் குறைந்துபோகிறது.

பூக்கும் பருவம் எல்லாவற்றிலும் கடினமானது. நாளுக்கு 12 மணி நேரம் இடையறாத இருள் கிடைத்தால்தான் பெரும்பாலான வகைகள் பூக்கும் என்பதால், மாலையில் இருட்டுத் திரை மூடப்படுகிறது. விளக்கணைந்து வெப்பம் இறங்கும்போது திரைக்குக் கீழே ஈரம் தேங்கி, நெருக்கமான பூங்கொத்துகளுக்குள் சாம்பல் பூசணம் பிடிக்கும். வெளியே கொலராடோவின் இரவுக் காற்று மிகவும் உலர்ந்தது. அதைச் சற்று உள்ளே விட்டாலே ஈரம் அகன்றுவிடும், ஆனால் கூடவே குளிரும் நுழையும். அதை ஈடுசெய்ய வேண்டிய எரிவாயுச் சூடேற்றியின் திறனையும், ஏறும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 4 விழுக்காடு குறைத்தே கணக்கிட வேண்டும். துவாரத்தைத் திறப்பதா, ஈரம் நீக்கும் இயந்திரத்தை ஓட்டுவதா என்பதை ஒவ்வொரு நிமிடமும் எடைபோட்டு முடிவெடுக்கும் பொறுமை மனிதருக்கு இரவு முழுவதும் இருக்காது. தானியக்கத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது என்பது என் கருத்து.

இவற்றையெல்லாம் பினாங்கில் சோதிக்க வழியில்லை. பினாங்குக் கொடிமலையே 833 மீட்டர்தான். அதனால் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவுக்குப் பெட்டியைக் கொண்டுபோய், கேமரன் மலையில் தக்காளி பயிரிடும் ஒரு தமிழரின் பிளாஸ்டிக் கூடாரத்தில் பொருத்தினோம். அங்கே காற்று ஈரம் மிகுந்தது, டென்வருக்கு நேர்மாறு. எனினும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால் சென்சாரையும் விசிறியையும் சோதிக்க அது போதுமானதாயிற்று. விசிறிகள் ஏன் இத்தனை வேகமாக ஓடுகின்றன என்று அவர் கேட்டார். இங்கே காற்று மெலிந்திருக்கிறது என்று நான் விளக்கத் தொடங்கியதும், "தெரியும் தம்பி, எஸ்டேட்ல இருந்தப்பவே அம்மா சொல்வாங்க, கீழ வேகுற பருப்பு இங்க வேகாதுன்னு," என்றார். தண்ணீர் அங்கே 95 பாகையிலேயே கொதித்துவிடுவதை அவருடைய வீட்டு அடுப்பு எப்போதோ சொல்லியிருந்தது. அதன்பின் அவரிடம் எதையும் நீட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. இலை விளிம்பு சுருளும் நேரத்தைத் தாமே குறித்துக் கொடுத்தார். நீர் வெளியேற்றக் கணக்கைச் சரிபார்க்க அந்தக் குறிப்புகள் பெரிதும் உதவின.

அழுத்தத்தை எங்கிருந்து பெறுவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வானிலைத் தகவலில் டென்வரின் அழுத்தம் பெரும்பாலும் 1,015 போன்ற எண்ணாகவே வரும். ஊருக்கு ஊர் ஒப்பிடுவதற்காகக் கடல் மட்டத்துக்கு மாற்றி எழுதப்பட்ட எண் அது. அதைப் பெட்டிக்குக் கொடுத்தால், தான் பினாங்கில் இருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொள்ளும். உயரத்தை ஒருமுறை தட்டச்சிட்டு விட்டுவிடுவதும் போதாது, ஏனெனில் வானிலைக்கேற்ப அழுத்தம் ஏறி இறங்குகிறது. கைப்பேசிகளில் இருப்பது போன்ற சிறிய அழுத்தச் சென்சாரை ஒவ்வொரு பெட்டியின் பலகையிலும் பொருத்துவது என்று முடிவுசெய்தோம். அதற்கு ஆகும் செலவு சில ரிங்கிட்தான்.

இப்போது அதே மாநிலத்தில், இன்னும் மேலே, 2,000 மீட்டரைத் தாண்டிய ஓரிடத்துக்கான பணி வந்திருக்கிறது. அந்த உயரத்துக்கு மேல் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின் தொடர்பிகளையும் (contactor), சுற்றுத்துண்டிப்பான்களையும் (circuit breaker) அவற்றின் முழுத்திறனுக்கு இயக்கக் கூடாது. மெலிந்த காற்று அவற்றைக் குளிர்விக்கும் திறனும் குறைவு, மின்பொறி தாவாமல் தடுக்கும் திறனும் குறைவு. ஆகவே நிரலை அப்படியே வைத்துக்கொண்டு, பெட்டியின் உட்புற இடைவெளிகளை மீண்டும் வரைந்துகொண்டிருக்கிறோம்.