ஊசிமுனையில் வெப்பம்: கல்லீரல் கட்டிக்கு ஆர்.எஃப்.ஏ. சிகிச்சை பெற்ற அனுபவம்

எனக்கு ஹெபடைடிஸ் பி தொற்று இருப்பது 2009-ல் ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் தெரியவந்தது. அன்று தொடங்கிய மாத்திரையையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் வயிற்று ஸ்கேனையும் நான் ஒருபோதும் தவறவிட்டதில்லை. சென்ற ஆண்டு சித்திரையில் எடுத்த ஸ்கேனில், அதற்கு முந்தைய ஸ்கேனில் இல்லாத ஒரு நிழல் கல்லீரலின் வலப்பக்கத்தில் தென்பட்டது. அடுத்ததாகக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி சிடி எடுத்தார்கள். மருந்து தமனி வழியாக வந்த கணத்தில் அந்த இடம் பளிச்சென்று ஒளிர்ந்து, சில நிமிடங்களில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப்போனது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவருக்குப் படத்தில் இப்படித் தெரிந்தால், சதையை எடுத்துப் பரிசோதிக்காமலேயே அது கல்லீரல் புற்றுநோய்தான் என்று முடிவுசெய்ய முடியும் என்று மருத்துவர் விளக்கினார். ஒரே கட்டி, 2.3 சென்டிமீட்டர்.

ஏற்கெனவே சுருங்கத் தொடங்கிவிட்ட கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதை, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும் எனக்கு மருத்துவக் குழு பரிந்துரைக்கவில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில்தான் வெப்ப சிகிச்சை சிறப்பாகப் பலன் தருகிறது என்பதால், ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் கட்டியைச் சுட்டு அழிக்கும் ஆர்.எஃப்.ஏ. முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லீரலில் இதைச் செய்ய முடியும் என்று 1990-ல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுவினர் தனித்தனியே விலங்குகளிடம் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள்.

'சுடுவது' என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி கலங்கிப்போனார். ஆனால் ஊசி பழுக்கக் காய்வதில்லை. ரீஃபிலைவிட மெல்லிய அந்த ஊசியின் முனையிலிருந்து பாயும் மின்சாரம் நொடிக்குச் சுமார் ஐந்து லட்சம் முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறுவதால், திசுவில் உள்ள அயனிகள் அதிர்ந்து, அந்த உராய்விலேயே வெப்பம் பிறக்கிறது. அறுபது டிகிரியைத் தாண்டினால், முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதுபோல் செல்லின் புரதம் உறைந்து செல் இறந்துவிடும். நூறு டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திசு கருகி, மேற்கொண்டு மின்சாரம் பாயாமல் தடைபடும். அதற்காகவே ஊசிக்குள் குளிர்ந்த நீரைச் சுழலவிடுகிறார்கள். கட்டியை ஒட்டிப் பெரிய ரத்தக் குழாய் இருந்தால், ஓடும் ரத்தமே வெப்பத்தை அள்ளிச் சென்றுவிடுமாம். எனக்கு அப்படி இல்லை. இருந்திருந்தால் மைக்ரோவேவ் முறையை யோசித்திருப்போம் என்றார் மருத்துவர்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, முதல் முறை மருத்துவமனையில் சேர்ந்தபோது நடந்ததுதான். பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம் எல்லாம் சரியாக இருந்தன. மறுநாள் காலை சிகிச்சை என்ற நிலையில், இரவு பத்து மணிக்கு வந்த மயக்க மருத்துவர், "ஐயா, க்ளோபிடோக்ரெல் எப்போது நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் மாத்திரை அது. நிறுத்தச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த மாத்திரையின் பெயர் என் கோப்பின் இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது. ரத்தக் கசிவு ஏற்படும் என்பதால் சிகிச்சையைத் தள்ளிவைத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதய மருத்துவரின் ஒப்புதலோடு ஐந்து நாள் நிறுத்திவிட்டு மறுபடி போய்ச் சேர இரண்டு வாரமாயிற்று. உடலில் ஒரு கட்டி இருக்கிறது என்று தெரிந்த பின் காத்திருக்கும் இரண்டு வாரம் எவ்வளவு நீளமானது என்பது காத்திருந்தவர்களுக்குத் தெரியும். கோப்பில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சிகிச்சை நாளில் இரு தொடைகளிலும் ரோமத்தை மழித்து, உள்ளங்கை அகலத்தில் சில்லென்ற பட்டைகளை ஒட்டினார்கள். ஊசி வழியே உடலுக்குள் வரும் மின்சாரம் வெளியேறும் வழி அவைதான். என் கட்டி பெருங்குடலுக்கு மிக அருகில் இருந்ததால், குடல் சுட்டுவிடாமல் இருக்க இரண்டுக்கும் இடையே முதலில் குளுக்கோஸ் நீரைச் செலுத்தி விலக்கினார்கள். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்திவிடும் என்பதால் அதைத் தவிர்த்து இந்த நீரைப் பயன்படுத்தினார்களாம். நான் மயக்கத்தில் இருந்ததால் இவையெல்லாம் பின்னர் கேட்டறிந்தவை. பன்னிரண்டு நிமிடம் வீதம், ஊசியை இடம் மாற்றி இரண்டு முறை சுட்டிருக்கிறார்கள். வெளியே எடுக்கும்போது ஊசி போன பாதையையும் சுட்டிருக்கிறார்கள். அதனால் ரத்தம் கசிவதும், வழியில் புற்றுச் செல்கள் ஒட்டிக்கொள்வதும் குறையும். விழித்தபோது விலாவில் ஒரு சிறிய பிளாஸ்திரி மட்டுமே இருந்தது.

வலி விலாவில் இருக்கும் என்று நினைத்திருந்தேன்; வலது தோளில்தான் குத்தியது. கல்லீரலுக்கு மேலே இருக்கும் தசைத் திரையான உதரவிதானம் எரிச்சலடைந்தால் அது தோளில் வலியாகத் தெரியுமாம். மறுநாள் வீடு திரும்பினேன். நான்கு நாள் இலேசான காய்ச்சலும், எழுந்து நடக்கவே மனம் வராத அசதியும் இருந்தன. இறந்த திசுவை உடல் கரைப்பதால் இப்படி இருக்கும் என்றும், காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ சீழ் கட்டியிருக்கலாம் என்பதால் உடனே வர வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறாமல் இருக்க முடிந்தது.

சிகிச்சை பலித்ததா என்பதை ஒரு மாதம் கழித்து எடுத்த சிடிதான் சொன்னது. அறிக்கையை வாங்கி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, "3.8 சென்டிமீட்டர்" என்ற வரியில் விரலை வைத்து, "ஏங்க, பெரிசாகிவிட்டதே" என்று என் மனைவி அழத் தொடங்கிவிட்டார். உள்ளே போனதும் மருத்துவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். அது கட்டியின் அளவன்று. கட்டியையும் அதைச் சுற்றி வேண்டுமென்றே சுட்ட ஓரத்தையும் சேர்த்த, இறந்த பகுதியின் அளவு. ஒளிர்ந்துகொண்டிருந்த இடம் முழுக்கக் கருமையாக இருந்தது. விளிம்பில் எங்கும் வெண்மை இல்லை. இதை அறிக்கை வாங்கும் முன்பே எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கட்டி போனாலும் அது முளைத்த கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது. வேறோர் இடத்தில் புதிதாக வர வாய்ப்புண்டு. ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிடியும், கல்லீரல் புற்றின் அறிகுறியான ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்கிறேன். அடுத்தது வரும் ஆவணியில். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தும் முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கிரியாட்டினின் பரிசோதனைக்கான சீட்டை இப்போதே கோப்பின் முதல் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்.