குழந்தை பிறந்ததும் அழுததா?

இறந்தவரின் வீட்டில் கேட்பதற்கான கேள்வித்தாள் ஒன்றை இன்று வாசித்தேன்.

காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? மூச்சு வாங்கியதா?

குழந்தை பிறந்ததும் அழுததா?

இந்தக் கேள்வியைத் தாண்டவே முடியவில்லை. அழுததா, மூச்சு விட்டதா, அசைந்ததா என்பதை வைத்தே, இறந்து பிறந்ததா, பிறந்தபின் இறந்ததா என்று பிரிக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவள் பெரும்பாலும் அந்தத் தாய்தான்.

மருத்துவர் பார்க்காத மரணங்களின் காரணத்தை அறிய, வீட்டாரிடம் இப்படிக் கேட்பதுதான் வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை. பல ஆய்வுகளில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பதில்களைப் படித்துக் காரணம் குறிக்கிறார்கள். சில நோய்களில் தடுமாறும் முறைதான்.

ஆனால் இந்தியாவில் 2005இல் பாம்புக்கடியால் சுமார் 46,000 பேர் இறந்திருப்பார்கள் என்ற கணக்கு இப்படி வீடுவீடாகக் கேட்டதால்தான் கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள். அரசுப் புள்ளிவிவரத்தில் இதில் ஒரு சிறு பங்கு மட்டுமே பதிவாகியிருந்தது.