நின்றுகொண்டே 'இருக்கும்' ஒரு வினைச்சொல்

போனில் ஐரிஷ் படிக்க ஆரம்பித்த ரெண்டாம் நாளே 'தா' என்கிற சொல்லில் மாட்டிக்கொண்டேன். காதுக்கு நம்ம 'தா' மாதிரியேதான் கேட்கிறது, ஆனால் அர்த்தம் 'இருக்கிறது'. வினைச்சொல்லை வாக்கியத்தின் தலையிலேயே வைக்கிற மொழி என்பதால், பாடம் முழுக்க யாரோ தா, தா என்று கை நீட்டுவது போல ஒரு பிரமை.

நான் செய்த தப்பு, அதை ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்ளப் பார்த்தது. பேனா வைத்திருக்கிறேன் என்று சொல்ல ஐரிஷில் தனி வினையே கிடையாது. 'தா ப்யான் அகம்', அதாவது இருக்கிறது பேனா என்னிடம். அட, நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! பசித்தால் 'தா ஓக்ரஸ் ஒரம்', பசி என் மேல் இருக்கிறதாம். பசிக்கிறதா என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதற்குச் சொல் இல்லை, வினையையே திருப்பிச் சொல்லவேண்டும்: இருந்தால் 'தா', இல்லாவிட்டால் 'நீல்'. சாம்பார் இருக்கா, இருக்கு. அவ்வளவுதான்.

ஆனால் 'நான் ஆசிரியர்' என்பதற்கு 'தா' போட்டால் தப்பு, அங்கே 'இஸ்' என்று வேறொரு சொல் வரும். 'நான் ஆசிரியர் இருக்கிறேன்' என்று யாராவது தமிழில் சொன்னால் நமக்கு எப்படி உறுத்துமோ அதே உறுத்தல்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் பிறப்பு. பழைய ஐரிஷில் இது 'அத்தா'. நிற்பது என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது, சமஸ்கிருத 'ஸ்தா'வும் லத்தீன் 'ஸ்தாரே'வும் அதே வேர்தான். நம்ம 'இரு'வுக்கோ உட்கார் என்றும் பொருள், இருக்கை என்கிறோமே, மலையாளத்தில் இன்றும் 'இரிக்கு' என்றால் உட்காரச் சொல்வதுதான். அவர்கள் நின்றபடி இருக்கிறார்கள், நாம் உட்கார்ந்தபடி.

கேள்வியில் 'தா' காணாமல் போய் 'வில்' வந்துவிடுகிறது. அது இன்னொரு வேர், முதலில் 'பார்' என்று பொருள். இதோ பார் என்று கை காட்டியது தேய்ந்து 'இருக்கிறது' ஆகிவிட்டது. 'நீல்' கூட இந்த 'வில்'லோடு 'நீ' என்ற எதிர்மறை ஒட்டியதுதான். இறந்தகாலம் 'வீ', அது 'ஆகு' என்று பொருள்படும் சமஸ்கிருத 'பூ'வின் உறவு. ஆக மூன்று வேர் சேர்ந்து ஒரு வினை.

அப்புறம் வழக்கமாக நடப்பதற்கு 'பீன்' என்று தனி வடிவம். இப்போது கடையில் இருக்கிறார் என்றால் 'தா', தினமும் சாயங்காலம் கடையில் இருப்பார் என்றால் 'பீன்'. ஐரிஷின் 11 ஒழுங்கற்ற வினைகளில் இப்படித் தனி வழக்க வடிவம் இதற்கு மட்டும்தான்.

நன்றி சொல்வதும் இதே வினையால்தான்: 'குர மஹ் அகத்', நல்லது உன்னிடம் இருக்கட்டும்.